போர் தண்ணி, ஆத்துத் தண்ணி, கேன் தண்ணி: கொங்குப் பகுதிக் குடிநீர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் பக்கம் ஒரே வீட்டில் மூன்று வகைத் தண்ணீர் புழங்குவது சாதாரணம். குழாயில் ஆற்றுத் தண்ணீர், மோட்டாரில் போர் தண்ணீர், இரண்டும் சரிப்படாத நாளில் கேன். மூன்றின் குறைகளும் வேறு வேறு என்பதால் சரிசெய்யும் முறைகளும் வேறு. கீழே வரும் பல பதில்கள் ஒரே இடத்துக்குத்தான் திரும்பும்: மெஷினுக்குக் காசு கொடுக்கும் முன் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள்.

எங்க போர் தண்ணி டிடிஎஸ் மீட்டர்ல 900 காட்டுதுங்க. குடிக்கலாமுங்களா?

அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. பேனா போன்ற அந்த மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை மட்டும் அளந்து, மொத்த உப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. கிருமி இருப்பதும் தெரியாது. சாக்கடை கலந்த ஆற்றுத் தண்ணீர் 150 காட்டும்; நோய்க் கிருமி துளியும் இல்லாத ஆழ்துளைத் தண்ணீர் 1100 காட்டும்.

இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 மொத்த உப்புக்கு 500 மி.கி./லிட்டரை விரும்பத்தக்க அளவாகவும், வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. ஆக 900 என்பது சுவைக்கும் பாத்திரத்துக்கும் தொந்தரவு. அதனாலேயே உடம்புக்குக் கேடு என்று ஆகிவிடாது. ஆனால் அந்த 900-க்குள் ஃபுளூரைடு 2 மி.கி. ஒளிந்திருந்தால் குடிக்கக் கூடாது. 500-க்குள் இருக்கும் தண்ணீரிலும் நைட்ரேட் 80 இருந்தால் அதுவும் ஆகாது.

அப்போ என்னென்ன சோதிக்கணும்? எப்படி எடுத்துட்டுப் போகணும்?

நம் பகுதிப் போர் தண்ணீருக்குக் கட்டாயம் பார்க்க வேண்டியவை: பி.ஹெச்., மொத்த உப்பு, மொத்தக் கடினத்தன்மை, காரத்தன்மை, குளோரைடு, சல்பேட், நைட்ரேட், ஃபுளூரைடு, இரும்பு, மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலை கிருமி. சாயப்பட்டறை, தோல் தொழிற்சாலை, மின்முலாம் பட்டறை அருகில் இருந்தால் குரோமியம், ஈயம், காட்மியம் ஆகியவற்றையும் சேருங்கள். பாறை ஆழத்தில் இருந்து வரும் தண்ணீருக்கு ஒரு முறையாவது யுரேனியம் பார்த்துவிடுவது நல்லது. வரம்பு லிட்டருக்கு 0.03 மி.கி. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம்.

சோதனை தவறுவது பெரும்பாலும் ஆய்வகத்தில் அல்ல, தண்ணீர் பிடிக்கும் விதத்தில். மேல் டேங்கில் இருந்து பிடிக்காமல், மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் போர் வாயிலேயே பிடியுங்கள். ரசாயனச் சோதனைக்கு இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் போதும். அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு, காற்று இடம் இல்லாமல் நிரப்பி மூடுங்கள். ஃபுளூரைடு சோதனைக்குக் கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். உலோகங்களைச் சோதிப்பதானால் அமிலம் இட்ட தனிப் பாட்டிலை ஆய்வகமே தரும்.

கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டில் மட்டும்தான். அதற்குள் இருக்கும் வெள்ளைப் பொடி சோடியம் தயோசல்பேட். தண்ணீரில் மிச்சமுள்ள குளோரினை முறிப்பதற்காக வைத்தது. அழுக்கு என்று நினைத்துக் கழுவிவிட்டால் சோதனையே வீண். குழாய் வாயைச் சூடாக்கி அல்லது ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உட்பக்கத்தில் விரல் படாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கூடுமானவரை ஆறு மணி நேரத்துக்குள் கொண்டு சேருங்கள். 24 மணி நேரம் தாண்டினால் அந்த முடிவை நம்ப வேண்டாம்.

ரிப்போர்ட் வந்துருச்சு, ஒண்ணும் புரியலீங்க.

முதலில் பார்க்க வேண்டியவை விட்டுக்கொடுக்க இடமில்லாதவை. ஈ.கோலை 100 மி.லி.-யில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மி.கி.-க்கு மேல் கூடாது (கீழே வரும் எண்களும் இதே அலகு). இதற்குத் தளர்வு வரம்பே கிடையாது. ஃபுளூரைடு 1.0 வரை நல்லது, 1.5 கடைசி எல்லை. ஈயம் 0.01, மொத்தக் குரோமியம் 0.05.

அடுத்து, வேறு வழியில்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளக் கூடியவை: கடினத்தன்மை 200, எல்லை 600; குளோரைடு 250, எல்லை 1000; சல்பேட் 200, எல்லை 400; காரத்தன்மை 200, எல்லை 600.

நைட்ரேட் வரியில் ஒரு பொறி உண்டு. சில ஆய்வகங்கள் 'நைட்ரேட்' என்றும் சில 'நைட்ரேட் நைட்ரஜன்' என்றும் அச்சடிக்கின்றன. நைட்ரஜனாக 10 என்றால் நைட்ரேட்டாகச் சுமார் 44. அதாவது ரிப்போர்ட்டில் '15' என்று பார்த்து நிம்மதியாக இருப்பவர் உண்மையில் 66 குடித்துக்கொண்டிருக்கலாம். எந்த அலகு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆயிரம் அடிக்கு மேல போட்டா நல்ல தண்ணி வருமுங்களா?

வரும் என்று நம்பித்தான் நம் ஊரில் பலரும் ரிக் வண்டியைக் கூப்பிடுகிறார்கள். பெரும்பாலும் நேர் எதிராக நடக்கிறது. இங்கே அடியில் இருப்பது கடினப் பாறை. தண்ணீர் நிற்பது பாறை வெடிப்புகளில். மேல்மட்டத் தண்ணீர் ஆண்டுதோறும் மழையால் புதுப்பிக்கப்படும். ஆழத்து வெடிப்பில் இருப்பது நெடுங்காலம் பாறையோடு உறவாடிய தண்ணீர். பாறையில் உள்ள பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்களில் இருந்து ஃபுளூரைடு அதில் கரைந்து ஏறுகிறது. கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த தண்ணீரில் இது இன்னும் கூடும். அதனால்தான் சோப்பு நன்றாக நுரைக்கும் 'மென்மையான' ஆழ்துளைத் தண்ணீரைக் கண்டால் ஃபுளூரைடு சோதனையை முதலில் செய்யச் சொல்கிறோம்.

ஆழம் கூட்டினால் கிருமியும் நைட்ரேட்டும் குறைய வாய்ப்புண்டு. மேல்மண் பகுதிக்குக் கேசிங் குழாய் சரியாக இறக்கி, சுற்றிச் சிமென்ட் பால் ஊற்றி அடைத்திருந்தால் மட்டும். அடைக்காத கேசிங் ஓரமாகச் செப்டிக் டேங்க் தண்ணீர் நேராக 1000 அடிக்கு இறங்கும்.

குழந்தைக பல்லு மஞ்சளா, கோடு கோடா இருக்குது. தண்ணிதான் காரணமுங்களா?

காரணமாக இருக்கலாம், சோதித்தால்தான் உறுதி. பல் உருவாகும் வயதில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், ஃபுளூரைடு மிகுந்த தண்ணீர் குடித்தால் முளைக்கும் பல்லில் வெள்ளைத் திட்டும் பின்னர் பழுப்புக் கோடும் விழும். அந்தக் கறை தேய்த்தால் போகாது. அளவு இன்னும் அதிகமான தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் முதுகும் மூட்டும் இறுகும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை 'புளோரோசிஸ் பாதிப்புத் தணிப்புத் திட்டம்' என்றே பெயரிட்டுக் கொண்டுவந்தார்கள். 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த அந்தத் திட்டத்தின் வழி தெளிவானது: கெட்ட போரைச் சுத்திகரிப்பதைவிட நல்ல ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பது. உங்கள் ஊரில் காவிரி, பவானிக் கூட்டுக் குடிநீர் வருகிறது என்றால் குடிக்கவும் சமைக்கவும் அதையே வைத்துக்கொண்டு, போரைக் குளிக்கத் துவைக்க விடுங்கள். குளிப்பதால் ஃபுளூரைடு உடம்பில் ஏறாது.

வேறு வழியே இல்லை என்றால் மூன்று முறைகள் உண்டு.

நாக்பூரில் உள்ள நீரி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையில் படிகாரமும் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கலந்து, கலக்கி, தெளியவிட்டு இறுப்பார்கள். சுண்ணாம்பு, படிகாரத்தில் சுமார் இருபதில் ஒரு பங்கு. படிகாரத்தின் அளவு ஃபுளூரைடையும் காரத்தன்மையையும் பொறுத்தது. நம் பகுதித் தண்ணீருக்குக் காரத்தன்மை அதிகம் என்பதால் லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மி.கி. பிடிக்கும். அளவு தப்பினால் அலுமினியம் தண்ணீரில் தங்கும்; சல்பேட் எப்படியும் ஏறும். வீட்டில் கண்மதிப்பில் செய்யக் கூடிய வேலை இல்லை.

இரண்டாவது, ஆக்டிவேட்டட் அலுமினா நிரப்பிய வடிகட்டி. இது ஃபுளூரைடைப் பிடித்து வைக்கும். பி.ஹெச். 5.5 அளவில் நன்றாக உழைக்கும். நம் பக்கத்து 8-ஐ ஒட்டிய பி.ஹெச்.-இல் பிடிக்கும் திறன் பாதிக்கும் கீழே போகலாம். நிரம்பியதும் காஸ்டிக் சோடாக் கரைசலாலும் பிறகு நீர்த்த அமிலத்தாலும் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். பல ஊர்களில் கைப்பம்புடன் பொருத்திய அலகுகள் பயனற்றுப் போனது இந்தக் கழுவல் நின்றதால்தான். தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், சுவையும் மாறாது, ஃபுளூரைடு மட்டும் முழுதாக உள்ளே வரும். மாதம் ஒரு முறை வெளிவரும் தண்ணீரைச் சோதிக்க முடியாதவர்கள் இதை வைக்க வேண்டாம்.

மூன்றாவது, தண்ணீரை அழுத்தி நுண்ணிய சவ்வு வழியாகத் தள்ளி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. மெஷின். நன்றாக உழைக்கும் சவ்வு ஃபுளூரைடில் சுமார் 90% நீக்கும்.

கொதிக்கவைப்பதால் ஃபுளூரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடும்.

கிணத்துல நைட்ரேட் 110-ன்னு வந்திருக்குதுங்க. வீட்டுல கைக்குழந்தை இருக்குது.

இன்றைக்கே குழந்தைக்கு வேறு தண்ணீர். ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குத்தான் ஆபத்து மிக அதிகம். நைட்ரேட் வயிற்றில் நைட்ரைட்டாக மாறி, இரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைத் தடுக்கும். உதடும் நகமும் நீலம் பாய்ந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்தத் தொல்லை இல்லை. தாய்ப்பாலில் நைட்ரேட் அதிகம் கலப்பதில்லை.

மூலத்தைத் தேடுங்கள். அடிப்பாகம் பூசாத செப்டிக் டேங்க், கிணற்றுமேட்டை ஒட்டிய மாட்டுக் கொட்டகை, எருக்குழி, கோழிப்பண்ணைக் குவியல், மஞ்சள், வாழை, கரும்புக்குக் கணக்கில்லாமல் இட்ட யூரியா. நாமக்கல் பக்கம் கோழி எருவை மழைக்கு முன் திறந்தவெளியில் குவிப்பது கிணறுகளுக்குப் பெரிய கேடு. மூலத்தை நிறுத்தினாலும் கிணறு தேறச் சில மழைக்காலங்கள் ஆகும். நைட்ரேட்டைக் கார்பன் வடிகட்டி பிடிக்காது, கிருமி கொல்லும் புற ஊதா (யு.வி.) விளக்கும் ஒன்றும் செய்யாது, காய்ச்சினால் அடர்ந்து ஏறும். ஆர்.ஓ. குறைக்கும்.

ஆர்.ஓ. மெஷின் போட்டிருக்கோம். அதுவே எல்லாத்தையும் பார்த்துக்குமுங்களா?

பார்த்துக்கொள்ளும், பராமரித்தால். கெடுவது எங்கே என்று வரிசையாகச் சொல்கிறோம்.

தண்ணீர் முதலில் செடிமென்ட் ஃபில்டருக்குள் போகிறது. பிறகு கார்பன் ஃபில்டர். கார்பனின் முதல் வேலை குளோரினைப் பிடிப்பது. குளோரின் சவ்வில் பட்டால் சவ்வு அரிந்துபோகும். குழாய்த் தண்ணீரையும் போர் தண்ணீரையும் மாற்றி மாற்றி ஓட்டும் வீடுகளில் சவ்வு சீக்கிரம் போவதற்குத் தீர்ந்துபோன கார்பனே பல சமயம் காரணம்.

அடுத்து பூஸ்டர் பம்ப், சவ்வு, கழிவுக் குழாயில் ஓட்டத்தை மட்டுப்படுத்தும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர். 80 ஜி.பி.டி. (நாளுக்கு 80 கேலன்) சவ்வுக்கு வழக்கமாக 450 எம்.எல். ரெஸ்ட்ரிக்டர் போடுவார்கள். அதன்படி நிமிடத்துக்கு நல்ல தண்ணீர் சுமார் 200 மி.லி., கழிவு 450 மி.லி. வீணாகிறதே என்று சிலர் சின்ன ரெஸ்ட்ரிக்டரை மாற்றச் சொல்கிறார்கள். கடினத்தன்மை 600 உள்ள தண்ணீரில் அப்படிச் செய்தால் உப்பு சவ்வின் மேலேயே அடர்ந்து சுண்ணாம்பாகப் படியும். சில மாதங்களில் சவ்வு அடைத்துக்கொள்ளும். கழிவைக் குறைப்பதற்குப் பதில் அதை வாளியில் பிடித்துக் கக்கூசுக்கும் தரை துடைக்கவும் பயன்படுத்துங்கள். 1200 உப்பு உள்ளே போனால் கழிவில் 1700-ஐத் தாண்டி வரும். தொட்டிச் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்றினால் கருகும்.

மிக முக்கியமானது 'டிடிஎஸ் கன்ட்ரோலர்' என்ற சிறு திருகு. சவ்வு வழியாகப் போகாத பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் நல்ல தண்ணீரில் கலப்பதுதான் அதன் வேலை. 'சத்து வேணுமே' என்று சர்வீஸ்காரர் அதைத் திறந்துவைத்துவிட்டுப் போவார். போரில் ஃபுளூரைடோ நைட்ரேட்டோ இருக்கும் வீட்டில், எதை நீக்க மெஷின் வாங்கினீர்களோ அதுவே அந்த வழியாகத் திரும்பி வருகிறது. அப்படிப்பட்ட வீட்டில் அதை முழுக்க மூடச் சொல்லுங்கள்.

சவ்வின் ஆயுளை நீங்களே அளக்கலாம். டிடிஎஸ் மீட்டர் உண்மையில் பயன்படுவது இங்கேதான். உள்ளே 1200, வெளியே 100 என்றால் நீக்கம் 92%. கன்ட்ரோலர் மூடியிருக்கும்போதே இது 80%-க்குக் கீழே இறங்கினால் சவ்வை மாற்றும் காலம். வெளிவரும் தண்ணீரில் குளோரின் துளியும் இல்லாததால் உள்ளே உள்ள சேமிப்புத் தொட்டியில் பாசியும் கிருமியும் வளரும். தொட்டியைக் கழுவாத ஆர்.ஓ.-வில் இருந்து ஈ.கோலை வருவது புதிதல்ல. யு.வி. விளக்கு தொட்டிக்குப் பிறகு இருக்கும் வகை மேல். ஏறத்தாழ 8000 மணி நேரம் எரிந்த விளக்கு நீல ஒளி தந்தாலும் கிருமியைக் கொல்லும் வீரியம் குறைந்திருக்கும்.

சிறுவாணித் தண்ணிக்கு ஆர்.ஓ. வேணுமுங்களா?

வேண்டாம். சிறுவாணியும் பில்லூரில் இருந்து வரும் பவானித் தண்ணீரும் உப்பு மிகக் குறைந்தவை. அவற்றை ஆர்.ஓ.-வில் ஓட்டினால் இருக்கிற கொஞ்சம் கால்சியம், மெக்னீசியமும் போகும். மூன்றில் இரண்டு பங்கு நல்ல தண்ணீர் சாக்கடைக்குப் போகும். மொத்த உப்பு 500-க்குக் குறைவான இடங்களில் ஆர்.ஓ.-வைத் தடை செய்யச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் உத்தரவிட்டது இந்த வீணைப் பார்த்துத்தான்.

ஆற்றுத் தண்ணீரின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. சில நாட்களுக்கு ஒரு முறை விடும்போது, இடைப்பட்ட நாட்களில் குழாய் காலியாகி உள்ளே வெற்றிடம் உண்டாகும். ஓட்டை உள்ள இணைப்பின் பக்கத்தில் சாக்கடை இருந்தால் அது உள்ளே இழுக்கப்படும். மெயின் குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுவது இதை இன்னும் மோசமாக்கும்; உங்கள் மோட்டார் இழுப்பது பக்கத்து வீட்டுச் சாக்கடையாகவும் இருக்கலாம். தண்ணீர் விட்டதும் முதல் சில நிமிடம் வருவதைச் சம்பில் விடாமல் வெளியே விடுங்கள். சம்ப் மூடி தரைமட்டத்துக்கு ஒரு சாண் மேலே இருக்கட்டும். குடிக்கும் பங்கை மட்டும் காய்ச்சுங்கள் அல்லது யு.வி. போதும்.

குழாய்த் தண்ணியில சில மாசம் மண் வாசம் அடிக்குது. கெட்டுப்போச்சுங்களா?

கோடையில் அணை நீர் இறங்கும்போது நீலப்பச்சைப் பாசி பெருகி ஜியோஸ்மின் என்ற பொருளை விடும். மிக மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குத் தெரியும். அந்த வாசம் நஞ்சு அல்ல. கார்பன் ஃபில்டர் போக்கும். தண்ணீர் பழுப்பாக வந்தால் அணையின் அடித்தண்ணீரில் இருந்து வரும் இரும்பும் மாங்கனீசும் காரணமாக இருக்கலாம். சாக்கடை நாற்றம் என்றால் மட்டும் உடனே நிறுத்திப் புகார் கொடுங்கள்.

பாத்திரம் எல்லாம் வெள்ளையா உப்புப் படியுது. சாஃப்ட்னர் போட்டா போதுமுங்களா?

பாத்திரத்துக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் போதும். குடிக்க அல்ல. சாஃப்ட்னர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தைக் கொடுக்கும். மொத்த உப்பு குறையவே குறையாது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். சமையலறைக் குழாயைச் சாஃப்ட்னருக்கு முன்பே பிரித்துவிடுங்கள்.

அளவுக் கணக்கு இது. சாஃப்ட்னருக்குள் இந்த மாற்று வேலையைச் செய்யும் மணிகள்தான் ரெசின். ஒரு லிட்டர் ரெசின் ஒரு சுற்றுக்குச் சுமார் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் என்றால் 1250 கிராம். உங்கள் தண்ணீரின் கடினத்தன்மை 600 மி.கி./லி. என்றால் 1250 கிராமை 0.6 கிராமால் வகுக்க, ஏறத்தாழ 2000 லிட்டர். அதாவது 1000 லிட்டர் சின்டெக்ஸ் டேங்க் இரண்டுக்கு ஒரு முறை, 3 முதல் 4 கிலோ உப்பை 10% கரைசலாக்கிக் கழுவ வேண்டும். விற்பவர் 'வாரம் ஒரு தடவை போதும்' என்றால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இரும்பு உள்ள தண்ணீர் ரெசினைச் சிவப்பாக்கிக் கெடுக்கும். முன்னால் இரும்பு ஃபில்டர் தேவை. கழுவிய உப்புத் தண்ணீரை மழைநீர்க் குழியில் விட்டால் உங்கள் போரை நீங்களே உப்பாக்குகிறீர்கள்.

நொய்யல் கரையில எங்க கிணறு. சாயப்பட்டறை மூடின பிறகும் தண்ணி உப்பாவே இருக்குதே?

துணியில் சாயம் பிடிக்க உப்பு நிறையத் தேவை. சோடியம் குளோரைடோ சோடியம் சல்பேட்டோ. சாயத்தின் நிறத்தைச் சுத்திகரித்து நீக்கலாம், கரைந்த உப்பு அப்படியே ஆற்றுக்குப் போகும். பல ஆண்டுகள் அப்படிப் போனது ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிக் கீழே இறங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ப் பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகே, ஆர்.ஓ.-வும் ஆவியாக்கும் கலனும் சேர்ந்த கழிவு வெளியேற்றாத முறை உறுதியாக நடைமுறைக்கு வந்தது. ஆனால் மண்ணிலும் பாறை வெடிப்பிலும் ஏறிய உப்பு மழை கழுவினால்தான் போகும். நம் பகுதி மழை மறைவுப் பகுதி. அதற்கு நீண்ட காலம் ஆகும்.

இந்தக் கிணறுகளில் குளோரைடையும் சல்பேட்டையும் பாருங்கள். சல்பேட் 400-ஐத் தாண்டினால், அதுவும் சோடியத்தோடு சேர்ந்தால், புதிதாகக் குடிப்பவருக்கு வயிற்றுப்போக்கு வரும். ஈரோட்டில் தோல் தொழில் நடந்த பகுதிக் கிணறுகளுக்குக் குரோமியம் சோதனை தவறக் கூடாது.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துல குளம் நெறஞ்சிருக்குது. போர் உப்பு குறையுமுங்களா?

2024 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டம் பவானியின் உபரி நீரை 1045 நீர்நிலைகளுக்குக் கொண்டுபோகிறது. குளத்தை ஒட்டிய திறந்த கிணறுகளில் முதலில் மாற்றம் தெரியும்; உப்பு நீர்த்துப்போகும். ஆழ்துளைக்கு அந்த நீர் இறங்குவது பாறை வெடிப்பு எப்படி ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. குளத்துக்கு நூறு அடியில் உள்ள போர் மாறாமல், அரை கிலோமீட்டர் தள்ளி உள்ளது தேறவும் செய்யும். ஒரு எச்சரிக்கை: அந்தக் குளத்தில் ஊர்ச் சாக்கடையும் கலந்தால் நைட்ரேட்டும் கிருமியும் சேர்ந்தே இறங்கும். நல்ல தண்ணீர் வந்து சேரும் குளத்துக்குள் சாக்கடை வாய்க்காலைத் திறந்துவைத்திருப்பது தாங்க முடியாத வீண். ஊராட்சியில் கேட்டு அடைக்கவைக்க வேண்டியது அதுதான்.

ஊராட்சி மேல்நிலைத் தொட்டிக்கு பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடணும்?

டேங்க் ஆபரேட்டர்கள் அதிகம் கேட்கும் கேள்வி. மூட்டையில் 33% என்று அச்சிட்டிருந்தாலும், திறந்து வைத்த பவுடர் வெயிலிலும் ஈரத்திலும் வீரியம் இழக்கும். 25% என்று வைத்துக் கணக்கிடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். லிட்டருக்கு 2 மி.கி. குளோரின் வேண்டும் என்றால் 30,000 லிட்டர் தொட்டிக்கு 60 கிராம் குளோரின்; பவுடராக 240 கிராம்.

இந்த 2 மி.கி. எல்லாத் தண்ணீருக்கும் பொருந்தாது. உங்கள் தண்ணீர் எவ்வளவு குளோரினைத் தின்னும் என்று பார்க்க ஒரு வாளிச் சோதனை போதும். 40 கிராம் பவுடரை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் 1% கரைசல். நான்கு வாளிகளில் பத்துப் பத்து லிட்டர் தண்ணீர் எடுத்து, ஊசி சிரிஞ்சால் 1, 2, 3, 4 மி.லி. கரைசல் விடுங்கள். அவை முறையே லிட்டருக்கு 1, 2, 3, 4 மி.கி. அரை மணி நேரம் மூடிவைத்து, பிறகு மிச்ச குளோரினைச் சோதியுங்கள். எந்த வாளியில் 0.5 அளவு நிற்கிறதோ அதுவே உங்கள் அளவு. கடைசித் தெருக் குழாயில் 0.2-க்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

போடும் முறையில்தான் தவறு நடக்கிறது. பவுடரை அப்படியே தொட்டிக்குள் கொட்டினால் சுண்ணாம்பு அடியில் சேறாகப் படியும். முதல் வீட்டுக்குக் காட்டமாகவும் கடைசி வீட்டுக்கு ஒன்றுமில்லாமலும் போகும். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு நிறையத் தண்ணீர் சேர்த்து, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேல்தெளிவை மட்டும், தொட்டியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே விழும் இடத்தில் ஊற்றுங்கள். ஊற்றி அரை மணி நேரம் கழித்தே வால்வைத் திறக்க வேண்டும். பி.ஹெச். 8-ஐத் தாண்டினால் குளோரினின் கொல்லும் வேகம் வெகுவாகக் குறையும். அப்போது ஒரு மணி நேரம் கொடுங்கள். முகக்கவசமும் கையுறையும் போடுங்கள். அமிலம் பக்கத்திலேயே வரக் கூடாது. கலந்தால் நச்சு வாயு.

மிச்ச குளோரினுக்கு மஞ்சள் நிறம் காட்டும் ஓ.டி. சொட்டு மருந்து இன்னும் புழக்கத்தில் உள்ளது. அது நச்சுத்தன்மை உள்ள பொருள்; சோதித்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். இளஞ்சிவப்பு காட்டும் டி.பி.டி. மாத்திரை நம்பகமானது.

வீட்டு டேங்க், கிணறு கழுவினா எப்படி மருந்து போடுறது?

இங்கே வேண்டியது லிட்டருக்கு 50 மி.கி. 1000 லிட்டர் சின்டெக்சுக்கு 200 கிராம் பவுடரின் தெளிவு. முதலில் அடியில் உள்ள சேற்றைத் தேய்த்து வெளியேற்றுங்கள். சேறு இருந்தால் குளோரினை அதுவே தின்றுவிடும். நிரப்பி, எல்லாக் குழாயிலும் குளோரின் வாசம் வரும்வரை திறந்து, மூடி, இரவு முழுக்க விட்டு, காலையில் முழுவதும் வடித்து ஒரு முறை அலசுங்கள்.

வட்டக் கிணறு என்றால், விட்டம் 3 மீட்டர், தண்ணீர் 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 3.14 × 1.5 × 1.5 × 4, அதாவது 28 கன மீட்டர், 28,000 லிட்டர். 50 மி.கி. கணக்கில் 1.4 கிலோ குளோரின், 25% பவுடராக 5.6 கிலோ. மறுநாள் இறைத்துவிட்டு, வாசம் போன பிறகு குடிக்கலாம்.

செப்புக் குடம், தேத்தாங்கொட்டை, முருங்கை விதை எல்லாம் வேலை செய்யுமுங்களா?

செப்பில் ஓர் இரவு வைத்தால் கிருமிகள் குறைவது ஆய்வில் நிரூபணமான உண்மை. உப்பும் ஃபுளூரைடும் குறையாது. தேத்தாங்கொட்டையும் முருங்கை விதையும் கலங்கலைத் தெளியவைக்கும். மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் விதைக்குப் பஞ்சமில்லை. லேசான கலங்கலுக்கு நான்கு லிட்டருக்கு ஒரு விதை, அதிகக் கலங்கலுக்கு லிட்டருக்கு ஒன்று. ஓடு நீக்கி, பொடித்து, கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, துணியில் வடித்த பாலைச் சேர்த்து, வேகமாக ஒரு நிமிடம், மெதுவாக ஐந்து நிமிடம் கலக்கி, ஒரு மணி நேரம் அசையாமல் விடுங்கள். விதையின் புரதம் தண்ணீரில் மிஞ்சும் என்பதால் ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. தெளிந்த பிறகு காய்ச்சுங்கள். தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் போதும், ஊட்டி உயரத்தில் மூன்று நிமிடம்.

கேன் தண்ணி?

லேபிளில் உரிம எண், நிரப்பிய தேதி பாருங்கள். வெயிலில் நின்ற கேன், உட்புறம் பச்சை படிந்த கேன், சீல் தளர்ந்த கேன் வேண்டாம். டிஸ்பென்சர் குழாயை வாரம் ஒரு முறை கழுவுங்கள்.

மழைத் தண்ணியக் குடிக்கப் பிடிக்கலாமுங்களா?

கண்டிப்பாக. ஃபுளூரைடும் கடினத்தன்மையும் மிகுந்த ஊருக்கு இதைவிடச் சிறந்த குடிநீர் இல்லை. 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில், ஆண்டுக்கு 650 மி.மீ. மழையில், நூற்றுக்கு எண்பது பங்கு கைக்கு வந்தால் 52,000 லிட்டர். ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 30 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 11,000 லிட்டர்தான் தேவை. பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடுவதால் 5000 முதல் 6000 லிட்டர் தொட்டி வைத்தாலே ஐந்தாறு மாதம் ஓடும்.

முதல் மழை மாடியைக் கழுவிய அழுக்கு. அதை வெளியேற்ற வேண்டும். 100 சதுர மீட்டருக்கு 1 மி.மீ. என்றால் 100 லிட்டர். இறக்கு குழாயில் ஒரு டி போட்டு, அடியில் மூடியுள்ள தனிக் குழாயிலோ டிரம்மிலோ அந்த 100 லிட்டர் நிரம்பிய பிறகே தொட்டிக்குப் போகும்படி செய்யுங்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அந்த மூடியைத் திறந்து வடிக்காவிட்டால் அடுத்த மழையின் அழுக்கு நேராகத் தொட்டிக்குள் போகும். பிறகு கூழாங்கல், மணல், கரி அடுக்கிய வடிகட்டி. தொட்டிக்கு வெளிச்சம் புகக் கூடாது, காற்றுக் குழாயில் கொசுவலை இருக்க வேண்டும். மாடியில் தார்ப்பூச்சோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ இருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காமல் நிலத்தடிக்கு இறங்க விடுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருக்கா சோதிக்கணும்?

ரசாயனச் சோதனை ஆண்டுக்கு இரண்டு முறை: சித்திரை, வைகாசியில் நீர்மட்டம் அடியில் இருக்கும்போது ஒன்று, மார்கழியில் மழை முடிந்ததும் ஒன்று. கோடையில் ஃபுளூரைடும் உப்பும் உச்சத்தில் இருக்கும். மழைக்குப் பின் நைட்ரேட்டும் கிருமியும். ஒரே ஒரு முறைதான் முடியும் என்றால் கைக்குழந்தை உள்ள வீடு மழைக்குப் பிறகும், மற்றவர்கள் கோடையிலும் செய்யுங்கள். மோட்டாரை இன்னும் கீழே இறக்கினால், போரை ஆழப்படுத்தினால், அருகில் புதிய செப்டிக் டேங்க் வந்தால் காத்திருக்க வேண்டாம்.

கிருமிக்கு ஊராட்சிகளில் ஹெச்2எஸ் பாட்டில் கிடைக்கும். கோடு வரை தண்ணீர் நிரப்பி, அறைச் சூட்டில் ஒன்று முதல் இரண்டு நாள் வையுங்கள். கறுத்தால் மலக்கிருமி கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியில் பயிற்சி தர வேண்டும் என்பது விதி. உங்கள் ஊரில் அந்தப் பெட்டி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். திறந்து பார்த்து, மருந்துகளின் காலாவதித் தேதியையும் பாருங்கள்.